டாலஸ் துப்பாக்கிக் கடை ரசீது: எந்த வரியில் என்ன ஏமாற்று

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதும் இல்லாதவர் உரிமம் எடுக்காமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். உரிமம் கட்டாயமாக இருந்தவரை வகுப்பிலாவது நாலு விஷயம் காதில் விழும். இப்போது முதல்முறை வாங்குகிறவருக்கு வாத்தியார் கடைக் கவுன்டரில் நிற்பவர்தான். டாலஸ் புறநகரில் ஒரு தமிழ்த் தம்பதியின் தலையில் ஒரே மாலையில் கட்டி அனுப்பிய சரக்கு இது. கடைப் பெயர் வேண்டாம். இதே பேச்சு பல கவுன்டர்களில் ஓடுகிறது.

ரசீதின் முதல் வரி, மனைவிக்கென்று ஒரு .357 மேக்னம் ரிவால்வர். ஐந்து தோட்டா, 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான பேரல், டைட்டானியம் சிலிண்டர், எடை 12 அவுன்சுக்கும் கீழே. "ஸ்லைடு இழுக்க வேண்டாம், கைப்பையில் கனமே தெரியாது, பெண்களுக்கு இதுதான்" என்பது கவுன்டர் வசனம். (ஸ்லைடு என்பது பிஸ்டலின் மேல்பகுதி; தோட்டா ஏற்ற அதைப் பின்னால் இழுக்க வேண்டும்.) கனம் தெரியாது என்பது உண்மை. ஆனால் இந்த முக்கால் பவுண்டுத் துப்பாக்கியின் ட்ரிகரை இழுக்க ஏறக்குறைய 12 பவுண்டு விசை வேண்டும். மெல்லிய விரல் அதை இழுத்து முடிப்பதற்குள் முனை இலக்கை விட்டு நகர்ந்துவிடும். சுட்ட பிறகு வரும் பின்னுதை, கணக்குப் போட்டால், கைக்கடக்கமான 9 எம்.எம். பிஸ்டலைப் போலச் சுமார் மூன்று மடங்கு. இரண்டாவது தோட்டாவுக்குள் பழகாத கை கூசத் தொடங்கும், பயிற்சி அத்தோடு நின்றுபோகும். இவ்வளவு வலிக்கும் பலன் உண்டா என்றால் அதுவும் இல்லை: .357-இன் வெடிமருந்து எரிந்து முடிக்க நீளமான பேரல் தேவை. இந்தக் குட்டைப் பேரலில் ஒரு பகுதி நெருப்பாக வெளியே போய், நான்கு அங்குலப் பேரலில் வரும் வேகத்தைவிட நொடிக்கு 200, 300 அடி குறைந்துவிடும்.

இதை அனுபவமின்மை என்று விட்டுவிடலாம். அடுத்த வரியை விட முடியாது. அந்த ரிவால்வருக்கு இரண்டு பெட்டி 110 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) தோட்டா கொடுத்திருக்கிறார்கள். பேரலிலேயே '120 கிரெய்னுக்குக் குறையாமல்' என்று எச்சரிக்கை பொறித்திருக்கும் வகை அது. எடை குறைந்த குண்டு போட்டால், எரிந்து முடியாத மருந்துத் துகள்களும் சூடான வாயுவும் டைட்டானியம் சிலிண்டரின் முகப்பை அரிக்கும். விற்றவர் துப்பாக்கியின் பக்கவாட்டைக்கூடப் படிக்கவில்லை.

எடை கூடிய குண்டு போட்டால் வேறு வில்லங்கம். சுடும்போது துப்பாக்கி பின்னால் பாய்கிறது. சிலிண்டரில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் உறையும் அதோடு போகிறது, குண்டு மட்டும் உறையிலிருந்து முன்னால் நழுவுகிறது. முனை சிலிண்டருக்கு வெளியே நீட்டினால் சிலிண்டர் சுழலாது. சோதிப்பது எளிது: ஐந்தாவது தோட்டாவின் நீளத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்துகொண்டு, நான்கைச் சுட்டுவிட்டு, அதை மறுபடி அளக்க வேண்டும். நீண்டிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

கணவருக்கு விற்றது .40 பிஸ்டல், போலீஸ் துறை கழித்துக்கட்டிய பழையது. "போலீஸ் நம்புகிற காலிபர்" (குண்டின் விட்ட அளவு) என்றார்களாம். ஒரு காலத்தில் நம்பினார்கள். 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. ஏஜென்டுகள் இருவர் இறந்தனர். எதிராளிமீது பாய்ந்த ஒரு 9 எம்.எம். குண்டு கையைத் துளைத்து மார்புக்குள் போயும் இதயத்தைத் தொடாமல் நின்றுவிட்டது. அதன்பிறகு 10 எம்.எம்., அதைச் சுருக்கி 1990-இல் .40 என்று போனார்கள். பிறகு 9 எம்.எம். குண்டின் வடிவமைப்பு வெகுவாகத் தேறியது. 2014-இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவே 9 எம்.எம்.முக்குத் திரும்பக் காரணங்களை எழுதியது. பின்னுதை குறைவு, வேகமாகவும் துல்லியமாகவும் சுட முடிகிறது, மேகசினில் (தோட்டாவை அடுக்கும் கூட்டில்) கூடுதல் தோட்டா, காயத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. துறைகள் வரிசையாக மாற, கழித்த .40 பிஸ்டல்கள் கடைகளில் குவிந்தன. அந்தக் குவியல் கரையத்தான் இந்தப் பேச்சு. மலிவாக வாங்குவதில் தப்பில்லை, விவரம் தெரிந்து வாங்கினால். குறிபார்க்க வைத்த ஒளிரும் சைட்டுகளைக் கையால் மூடி இருட்டில் பாருங்கள்: அவற்றுக்கு ஒளி தரும் ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு, பழைய போலீஸ் துப்பாக்கிகளில் அது பெரும்பாலும் மங்கியிருக்கும்.

.40-இல் இன்னொரு பழக்கம் ஆபத்து. வீட்டில் இறக்கி வைத்து, காலையில் அதே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில்) ஏற்றினால் குண்டு உறைக்குள் அமுங்கும், சுடும்போது அழுத்தம் எகிறும். எந்தக் காலிபரிலும் நடப்பதுதான், .40-இல் தாங்கும் இடைவெளி குறைவு. புதுத் தோட்டாவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிட வேண்டும்.

தற்காப்புக்கென்று விற்றது, உடலுக்குள் போனதும் இதழ் இதழாகச் சிதறும் ரகத் தோட்டா. பெட்டியில் படமும் வாசகமும் பயமுறுத்தும். விலை நல்ல ஹாலோ பாயின்ட்டைவிட (உடலில் பட்டதும் விரியும் குழிமுனைக் குண்டைவிட) அதிகம். சிதறும் துண்டு ஒவ்வொன்றும் எடை குறைவு, ஆழம் போகாது. பார்க்க வேண்டிய அளவு ஒன்றுதான். மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. வகுத்த சோதனையில், உடல் தசைக்கு ஈடாக வைக்கும் 10 சதவீத ஜெலட்டினில், துணி அடுக்கு முதலான தடைகளைத் தாண்டியும் குண்டு 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும். மனித மார்பு அவ்வளவு தடிமனில்லையே என்று கேட்பார்கள். எதிரில் இருப்பவர் பக்கவாட்டில் திரும்பியிருக்கலாம், நீட்டிய கை குறுக்கே இருக்கலாம். மயாமியில் நடந்தது அதுவே.

இந்த அளவை வைத்துப் பார்த்தால் காலிபர் சண்டை பாதி ஓய்ந்துவிடும். தரமான ஹாலோ பாயின்ட்டில் 9 எம்.எம்., .40, .45 மூன்றும் ஜெலட்டினில் ஏறக்குறைய ஒரே ஆழம் போகின்றன. .45 கொஞ்சம் அகலமாக விரிகிறது; பதிலுக்கு மேகசினில் தோட்டா குறைகிறது, பயிற்சிச் செலவு ஏறுகிறது. புதிதாக வாங்குகிறவருக்கு 9 எம்.எம்., 124 அல்லது 147 கிரெய்ன், ஸ்பியர் கோல்ட் டாட், ஃபெடரல் ஹெச்.எஸ்.டி. போன்ற ஒன்று, போதும். அழுத்தம் கூட்டிய +பி ரகம் வேண்டியதில்லை.

ஸ்லைடு இழுக்க வராதவர்களிடம் .380-ஐத் தள்ளுவது இன்னொரு கவுன்டர் வித்தை. 9 எம்.எம். குண்டின் அதே விட்டம்தான், உறை 19 மி.மீ.க்குப் பதில் 17, சக்தி கிட்டத்தட்டப் பாதி. குட்டைப் பேரலில் பல ஹாலோ பாயின்ட்கள் விரிந்தால் 12 அங்குலத்தைத் தொடாது. தொட்டால் பெரும்பாலும் விரிந்திருக்காது. காலிபர் சின்னது என்பதால் ஸ்லைடு இலகு என்பதும் பொய். பேரல் பூட்டிக்கொள்ளாத பழைய ப்ளோபேக் அமைப்பில் ஸ்பிரிங்கின் விறைப்பும் ஸ்லைடின் எடையுமே எல்லாவற்றையும் தாங்க வேண்டும், ஆகவே பல 9 எம்.எம். பிஸ்டல்களைவிட அவை இழுக்கக் கடினம், உதையும் சுருக்கென்று இருக்கும். உண்மையாகவே கைவலு குறைந்தவர்களுக்கு, ஸ்லைடை இலகுவாக இழுக்கவென்றே பேரல் பூட்டும் அமைப்பில் செய்த .380 பிஸ்டல்கள் வந்துள்ளன. கடையில் இழுத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

எதை வாங்கினாலும் முதலில் 200 சாதாரண ஃபுல் மெட்டல் ஜாக்கெட் (விரியாத பயிற்சித் தோட்டா), பிறகு எடுத்துச் செல்லப்போகும் அதே பிராண்டில் 50, எல்லா மேகசினிலும் பிரித்துப் போட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டும். சிக்கினால் பிடியை இறுக்கிப் பாருங்கள், மணிக்கட்டுத் தளர்ந்தால் சின்ன பிஸ்டல்கள் அடைத்துக்கொள்ளும். அப்படியும் சிக்கினால் தோட்டாவை மாற்றுங்கள். பெரும்பாலான கடைகள் விற்ற துப்பாக்கியைத் திரும்ப எடுப்பதில்லை, அதனால் வாடகைத் துப்பாக்கி கிடைக்கும் ரேஞ்சில் அதே மாடலை 50 தோட்டா சுட்டுவிட்டுக் காசு கொடுப்பதே புத்தி.

ரசீதில் தெரியாத ஒன்றுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய குழி. கணவர் கிரீன் கார்டு, மனைவி ஹெச்-1பி. ரிவால்வர் மனைவிக்கு என்று காதால் கேட்டுக்கொண்டே, துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்பும் கூட்டாட்சிப் படிவம் 4473-ஐக் கணவர் பெயரில் எழுத வைத்திருக்கிறார்கள். கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை வழக்கறிஞரிடம் கேட்காமல் நம்பக் கூடாது. அன்பளிப்பாக வாங்குவது பொதுவாகக் குற்றமில்லை, தடை உள்ளவருக்கு என்று தெரிந்து வாங்குவது குற்றம். விசா, கிரீன் கார்டு இரண்டுக்குமே அது உலை வைக்கும்.

எடிசன் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். வேறு மாநிலத்தின் உரிமம் எதையும் நியூ ஜெர்ஸி ஏற்பதில்லை. அங்கேயே உரிமம் எடுத்தவரும் ஹாலோ பாயின்ட்டை எடுத்துச் செல்ல முடியாது, மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது.

இதே சரக்கை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு: ரிவால்வரில் .357 போடுவதை நிறுத்திவிட்டு .38 ஸ்பெஷல் 148 கிரெய்ன் வாட்கட்டர் (தட்டை முனைக் குண்டு) போடலாம், உதை பாதிக்கும் கீழே இறங்கும், ஆழமும் போதுமான அளவு போகும். சிதறும் தோட்டாவை ரேஞ்சில் சுட்டுத் தீர்க்கலாம். கடைசி வரியாக ஒரு பிளாஸ்டிக் பையில் கொடுத்திருக்கும் லேபிள் இல்லாத ரீலோடு (பழைய உறையில் மறுபடி மருந்து நிரப்பிய) தோட்டாக்களை மட்டும் சுடவே கூடாது. மருந்து விட்டுப்போன ஒன்று பேரலில் குண்டைச் சிக்கவைத்தால் அடுத்தது பேரலைப் பிளக்கும். இரட்டை மருந்து விழுந்த ஒன்றுக்கு அடுத்தது தேவையே இல்லை. குப்பைத் தொட்டியிலும் போடாமல், உள்ளூர் போலீஸின் அவசரமல்லாத எண்ணில் கேட்டு ஒப்படையுங்கள்.