அமைத்துச் சீராக்கியும் தருகிறோம் என்று விற்கப்படும் கால்சியம் ரியாக்டர்: ஓர் எச்சரிக்கை

சிங்கப்பூரில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இனி வைக்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கால்சியம் ரியாக்டர், கரியமில வாயு சிலிண்டர், வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், நீரின் அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவைப் பார்த்து வாயுவைத் திறந்து மூடும் கட்டுப்பாட்டுக் கருவி, குழலில் நிரப்பும் பவளத் துண்டுகளான மீடியா ஆகிய அனைத்தையும் ஒரே தொகுப்பாக விற்று, வீட்டுக்கே வந்து பொருத்திச் சீராக்கியும் தருவதாகச் சொன்ன ஒரு கடையிடம் பெருந்தொகை கொடுத்து ஏமாற்றப்பட்டேன். பணத்தைவிடப் பெரிய இழப்பு, விரல்நுனி அளவுத் துண்டுகளிலிருந்து பல ஆண்டுகள் வளர்த்த அக்ரோபோரா என்ற கல் பவளங்களில் பெரும்பாலானவை தசை உரிந்து இறந்துபோனதுதான். கடையின் பெயரை நான் வெளியிடப் போவதில்லை. அங்கே கண்ட விற்பனை முறை அந்த ஒரு கடையோடு நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று எழுதுவதே மற்றவர்களுக்குப் பயன்படும்.

நடந்ததைப் புரிந்துகொள்ள, அந்தக் கருவி செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். கல் பவளங்கள் தம் எலும்புக்கூட்டைக் கட்டுவதற்காகத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் காரத்தன்மையையும் (பெரும்பாலும் நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்) நாள்தோறும் எடுத்துக்கொள்கின்றன, காரத்தன்மையின் அலகான டிகேஎச்சில் சொன்னால் ஒவ்வொரு 2.8 டிகேஎச்சுக்கும் லிட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம் கால்சியம் செலவாகிறது. ரியாக்டர் என்பது பழைய பவள எலும்புத் துண்டுகள், அதாவது அரகோனைட் வகைக் கால்சியம் கார்பனேட், நிரப்பப்பட்ட ஒரு குழல். அதற்குள் தொட்டி நீரைச் சுழலவிட்டு, கரியமில வாயுவைக் குமிழ்குமிழாகச் செலுத்தினால், நீர் அமிலத்தன்மை அடைந்து அதன் பி.எச். 6.5 முதல் 6.7 வரை இறங்குகிறது. அந்த அமிலத்தில் துண்டுகள் கரைந்து, கால்சியமும் பைகார்பனேட்டும் நிறைந்த நீர் சொட்டுச்சொட்டாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. பவளம் எந்த விகிதத்தில் எடுத்ததோ அதே விகிதத்தில் இரண்டும் திரும்பி வருவதுதான் இதன் சிறப்பு. ஆனால் வாயு சற்றுக் கூடுதலாகச் சென்றாலும் காரத்தன்மை எகிறிவிடும். அதனால் இந்தக் கருவியின் பயன் முழுவதும் அதைச் சீராக்கும் வேலையில்தான் இருக்கிறது. நான் பணம் கொடுத்தது அந்த வேலைக்குத்தான்.

கடையிலிருந்து வந்தவர் குழாய்களைச் சுத்தமாகவே இணைத்தார். கசிவு இல்லை, சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்தி வாரால் கட்டினார், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. அதன்பின் குமிழி எண்ணும் குடுவையைப் பார்த்து, நொடிக்கு ஒரு குமிழி என்று, வாயுவின் அளவை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வைத் திருகினார். கட்டுப்பாட்டுக் கருவியில் 6.7 என்று இலக்கை அமைத்தார். வெளிவரும் நீரின் வேகத்தைக் கண்ணளவில் வைத்தார். தொட்டியின் காரத்தன்மை என்ன, ஒரு நாளில் அது எவ்வளவு குறைகிறது என்று அவர் கேட்கவில்லை. ரியாக்டரிலிருந்து வெளிவரும் நீரைச் சோதிக்க அவரிடம் எந்தச் சோதனைக் கிட்டும் இல்லை. எல்லாத் தொட்டிகளுக்கும் இப்படித்தான் வைப்போம், இனி நீங்கள் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சீராக்கும் பணி நிறைவுற்றதாக எழுதப்பட்ட தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

என் தொட்டியில் 400 லிட்டர் நீர் இருக்கிறது. காரத்தன்மையை நான் 8 டிகேஎச் அளவில் நிலையாக வைத்திருந்தேன். மறுநாள் மாலை அது 12-ஐத் தாண்டியிருந்தது. வெளிவரும் நீரை அளந்தபோது நிமிடத்துக்கு 40 மில்லிலிட்டர் வந்துகொண்டிருந்தது. அதன் காரத்தன்மை 48 டிகேஎச். 48-லிருந்து தொட்டியின் 8-ஐக் கழித்து, ஒரு நாளில் வெளிவரும் நீரின் அளவால் பெருக்கி, 400 லிட்டரால் வகுத்துப் பார்த்தாலே, அந்த அமைப்பு ஒரு நாளில் என் தொட்டியை ஏறத்தாழ 6 டிகேஎச் உயர்த்தக்கூடியது என்பது தெரிந்துவிடும். பவளங்களோ நாளொன்றுக்கு 1.5 டிகேஎச் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தன. அந்த வாரத்திலேயே அக்ரோபோராக்களின் வளர்நுனிகள் தீய்ந்ததுபோல் வெண்மையாகின. சிலவற்றில் அடிப்பகுதியிலிருந்து தசை உரியத் தொடங்கியது.

கட்டுப்பாட்டுக் கருவி 6.7 என்று காட்டிக்கொண்டிருக்க, வெளிவரும் நீர் இவ்வளவு அடர்த்தியாக இருக்க முடியாது என்பதால், பி.எச்.சை அளந்து கருவிக்குச் சொல்லும் உணர்கோலைக் கழற்றி, பி.எச். 7.00 என்று உறுதியாகத் தெரிந்த தர நீர்மத்தில் வைத்தேன். அது 7.4 என்று காட்டியது. அதாவது, திரையில் 6.7 என்று தெரிந்தபோது குழலுக்குள் உண்மையில் 6.3 இருந்திருக்கிறது. அந்த அளவில் அரகோனைட் துண்டுகள் கரைவதோடு நில்லாமல் குழைந்து மாவாகின்றன. உணர்கோலைத் தந்தபோதே அதன் மூடிக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் குளோரைடு கரைசல் இல்லாமல், கண்ணாடிக் குமிழ் உலர்ந்து இருந்தது. கடையின் காட்சித் தொட்டியிலிருந்து கழற்றப்பட்டது என்று பின்னர் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். புதியதாகவே இருந்தாலும், பொருத்துவதற்கு முன் அளவு திருத்தாத உணர்கோலை நம்பி வாயுவைத் திறப்பது தவறு. தொட்டி நீருக்கான உணர்கோலை 7-லும் 10-லும் திருத்துவார்கள், ரியாக்டருக்குள் பி.எச். 7-க்குக் கீழே இருப்பதால், அதற்கான உணர்கோலை 7.00, 4.00 ஆகிய தர நீர்மங்களில் திருத்த வேண்டும். இந்த வேலைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

இதைச் சொன்னபோது கடைக்காரர் வந்து, வால்வைச் சற்று மூடிவிட்டு, இப்போது சரியாகிவிடும் என்றார். உணர்கோலை மாற்றித்தர மறுத்தார். வேறிடத்தில் நானே ஒன்று வாங்கிப் பொருத்தினேன். தொட்டி மெல்ல நிலைக்கு வந்தது.

இரண்டாம் முறை நடந்தது இதைவிட மோசம். என் கோபம் முழுவதும் அதன்மேல்தான். தொகுப்பில் இருந்த ரெகுலேட்டர் இரட்டைக் கட்ட ரெகுலேட்டர் என்று விலைப்பட்டியலில் எழுதப்பட்டிருந்தது. அதன் பேரில்தான் விலையும் உயர்ந்திருந்தது. ஒற்றைக் கட்ட ரெகுலேட்டரில், சிலிண்டரின் அழுத்தம் குறையும்போது வெளியேறும் பக்கத்தின் அழுத்தம் ஏறும். உள்ளிருந்து வரும் உயர் அழுத்தமும் வால்வை மூடும் பக்கமாகத் தள்ளும்படி அது அமைந்திருப்பதே காரணம். அந்தத் தள்ளுதல் குறைந்தால் வால்வு கூடுதலாகத் திறந்துகொள்கிறது. எனவே சிலிண்டர் தீரும் தறுவாயில் வாயு மொத்தமாகக் கொட்டிவிடக்கூடும். இரட்டைக் கட்ட அமைப்பில், அழுத்தம் அடுத்தடுத்து இரு முறை குறைக்கப்படுவதால் இந்த ஆபத்து பெரும்பாலும் நீங்குகிறது. எனக்குத் தரப்பட்டதில் இருந்தவை இரண்டு அழுத்தமானிகள் மட்டுமே: ஒன்று சிலிண்டரின் அழுத்தத்தையும் மற்றொன்று வெளியேறும் அழுத்தத்தையும் காட்டியது. உடலோ ஒற்றைக் கட்டம்தான். இரண்டு அழுத்தமானி உள்ளதை இரட்டைக் கட்டம் என்று சொல்லி விற்பது எளிது, ஏனென்றால் வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது அந்த இரண்டு வட்டங்கள்தாம்.

ஓர் இரவில் சிலிண்டர் தீரும் நிலைக்கு வந்து வாயு கொட்டியது. பி.எச். இறங்கியதும், கட்டுப்பாட்டுக் கருவி இயக்கும் மின் வால்வான சோலனாய்டு மூடிக்கொண்டது உண்மைதான். ஆனால் உணர்கோல் மாற்றத்தை உணர்வதற்குள் குழலின் மேற்பகுதியில் வாயு பெரும் குமிழாகத் தேங்கிவிட்டது, வால்வு மூடிய பின்னும் அது கரைந்துகொண்டே இருந்தது. காலையில் தொட்டியின் பி.எச். 7.5-க்கு இறங்கியிருந்தது, காரத்தன்மை மீண்டும் ஏறியிருந்தது. முதல் அதிர்ச்சியிலிருந்து மீண்டுகொண்டிருந்த பவளங்கள் இதைத் தாங்கவில்லை.

பல மாதங்கள் வர வேண்டிய சிலிண்டர் ஏன் இவ்வளவு விரைவில் தீர்ந்தது என்பது, அதே கடையில் நிரப்பி வாங்கிய அடுத்த சிலிண்டரைத் தராசில் வைத்தபோது தெரிந்தது. சிலிண்டரின் தோளில் அதன் வெற்று எடை பொறிக்கப்பட்டிருக்கும். மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் உள்ளே இருக்கும் வாயுவின் எடை கிடைக்கும். 2 கிலோவுக்குப் பணம் வாங்கியவர்கள் 1 கிலோவுக்குச் சற்றே அதிகமாக நிரப்பியிருந்தார்கள். அழுத்தமானி இதைக் காட்டிக்கொடுக்காது. திரவம் சிறிதளவு மீதம் இருக்கும்வரை, நம் வீடுகளின் வெப்பத்தில் அந்த முள் ஏறத்தாழ 65 முதல் 70 பார் வரையிலான அளவிலேயே நிற்கும். அதே தோளில் கடைசியாக அழுத்தச் சோதனை செய்த ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். என்னுடையதில் அந்தக் காலக்கெடு கடந்திருந்தது. கதவு சாத்திக் குளிரூட்டி போட்டு உறங்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, மணமற்றது.

சீராக்குதல் என்றால் என்னவென்று இப்போது சொல்கிறேன், கடைக்காரர் செய்வதோடு நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். முதலில் தொட்டியின் கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரையும், மக்னீசியம் 1250 முதல் 1350 மில்லிகிராம் வரையும், உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்காகவும் இருக்கும்படி தனித்தனியாகத் திருத்திக்கொள்ள வேண்டும். ரியாக்டர் கால்சியத்தையும் காரத்தன்மையையும் சேர்த்தே உயர்த்துமாதலால், ஏற்கெனவே சாய்ந்திருக்கும் விகிதத்தை அதனால் நிமிர்த்த முடியாது. பிறகு எதையும் சேர்க்காமல், அடுத்தடுத்த நாள்களில் ஒரே நேரத்தில் காரத்தன்மையை அளந்து, அன்றாடச் செலவைக் கண்டறிய வேண்டும். என் தொட்டியின் செலவு 1.5 டிகேஎச்; அதை 400 லிட்டரால் பெருக்கினால் 600. வெளிவரும் நீர் 30 டிகேஎச், தொட்டி 8 டிகேஎச் என்றால், ஒவ்வொரு லிட்டரும் கொண்டுவருவது 22. எனவே நாளொன்றுக்கு 27 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 மில்லிலிட்டர் தேவை. எனக்கு அமைத்துத் தந்தது இதைப்போல் இரு மடங்கு வேகமும், ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட அடர்த்தியும். இந்தக் கணக்கைத் தாளில் போடாமல் வால்வைத் திருகுகிறவர் சீராக்கவில்லை, ஊகிக்கிறார்.

நீரின் வேகத்தை முதலில் நிலைநிறுத்தி, அதன்பின் பி.எச். இலக்கைச் சிறிது சிறிதாக இறக்குவதே சரியான வரிசை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாள் காத்திருந்து அளக்க வேண்டும். தொட்டியின் காரத்தன்மை நாளொன்றுக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற விடக் கூடாது. வெளிவரும் நீரின் அடர்த்தி பல கிட்டுகளின் அளவுகோலைத் தாண்டிவிடும். சம அளவு ஆர்.ஓ. நீர் (உப்புகள் நீக்கிய வடிநீர்) கலந்து சோதித்து, விடையை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். இவையெல்லாம் ஒரே வருகையில் முடியக்கூடிய வேலைகள் அல்ல. ஒரே மணி நேரத்தில் சீராக்கித் தருவதாகச் சொல்லும் கடை, செய்ய முடியாத ஒன்றுக்கு விலை கூறுகிறது.

இன்னொன்றும் உண்டு. கல் பவளங்கள் குறைவாக உள்ள தொட்டிக்கோ சிறிய தொட்டிக்கோ இந்தக் கருவியே தேவைப்படாது. கால்சியம் குளோரைடையும் சோடியம் பைகார்பனேட்டையும் தனித்தனிக் கரைசல்களாக, குறித்த அளவைத் தானாகச் செலுத்தும் டோசிங் பம்பு மூலம் சேர்த்தாலே போதும். அதைக் குறிப்பிடாமல் எல்லோரிடமும் ரியாக்டரையே விற்கும் கடை உங்கள் தொட்டியைப் பார்த்து ஆலோசனை சொல்லவில்லை என்றே நான் கொள்வேன்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, என் பவளங்கள் தொடக்கத்திலிருந்தே பலவீனமானவை என்றும், நான் வால்வைத் தொட்டதால்தான் கெட்டது என்றும், கையொப்பமிட்ட தாளுக்குப் பிறகு தமக்குப் பொறுப்பில்லை என்றும் கடை பதில் சொன்னது. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை பெற்ற பின், சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகவே மனு செய்தேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுசெல்லலாம். இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வெள்ளி வரை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர்கள் வாதாட இடமில்லை. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள சட்டத்தின்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, பெற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று காட்டும் சுமை விற்றவருடையது. இரட்டைக் கட்டம் என்று எழுதிய விலைப்பட்டியல், ரெகுலேட்டரின் படம், தர நீர்மத்தில் உணர்கோல் காட்டிய எண், தராசில் சிலிண்டர் நிற்கும் படம், தேதியிட்ட காரத்தன்மைக் குறிப்புகள் ஆகியவற்றை வைத்திருந்தேன். பதிவாளர் முன்னிலையில் நடந்த பேச்சிலேயே, ரெகுலேட்டர், உணர்கோல், சீராக்கும் கட்டணம் ஆகியவற்றின் தொகையைத் திருப்பித்தரக் கடை இணங்கியது. இறந்த பவளங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவற்றின் மதிப்பை நிறுவும் ரசீதுகள் இருப்பவர்கள் அதையும் கோரிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதுபோன்ற தொகுப்பை ஏற்கெனவே வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள், சிலிண்டர் தீர்வதற்கு முன் ரெகுலேட்டரைப் பாருங்கள். இரட்டைக் கட்ட ரெகுலேட்டரின் உடலில் அழுத்தத்தைக் குறைக்கும் வட்ட அறைகள் இரண்டு இருக்கும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அழுத்தமானிகளின் எண்ணிக்கையைப் பொருட்படுத்தாதீர்கள். மாதிரி எண்ணைக் கொண்டு தயாரித்த நிறுவனத்தின் விவரத்தாளிலும் உறுதி செய்துகொள்ளலாம். உங்களுடையது ஒற்றைக் கட்டமாக இருந்தால், சிலிண்டர் அழுத்தமானியின் முள் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து இறங்கத் தொடங்கியதுமே, மீதமுள்ள வாயுவைப் பற்றிக் கவலைப்படாமல் சிலிண்டரை மாற்றிவிடுங்கள்.