பிரிட்ஜ், ஓ.டி.ஜி., தையல் மெஷின்: மூன்று பல்பு மாற்றிய அனுபவம்

ஒரே மாதத்தில் வீட்டில் மூன்று சின்ன பல்புகள் போய்விட்டன. மூன்றுக்கும் மாற்று வாங்கிப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. கடையில் போய் "பிரிட்ஜ் பல்பு கொடுங்க" என்று கேட்டால் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் எது சரிப்பட்டது, எது சரிப்படவில்லை என்று விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஓ.டி.ஜி. (கேக் சுடுகிற சின்ன மின்சார ஓவன்) கதை, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. உள்ளே எரிகிற பல்பு போனதும் பக்கத்து எலக்ட்ரிகல் கடையில் பழசைக் காட்டினேன். ஸ்க்ரூ டைப், அடிப்பகுதியில் இ14 என்று இருந்தது, அதாவது மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர். அதே அளவில் ஒரு எல்.இ.டி.யை எடுத்துக் கொடுத்து, கரண்டும் மிச்சமாகும் என்றார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. அன்று சாயங்காலம் மகளின் பிறந்தநாளுக்கு 180 டிகிரியில் கேக் வைத்தோம், பதினைந்து நிமிஷத்தில் சமையலறை முழுக்க பிளாஸ்டிக் கருகும் வாடை. திறந்தால் பல்பின் வெள்ளை மூடி ஒரு பக்கமாக இளகிச் சரிந்திருந்தது. கேக்கிலும் அந்த வாடை ஏறிவிட்டது, குழந்தைகளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை, மொத்தமாகக் கொட்டிவிட்டோம். எல்.இ.டி. மூடிகளில் நிறைய பாலிகார்பனேட்தான், 150 டிகிரிக்கு முன்பே அது இளக ஆரம்பித்துவிடும். உள்ளே இருக்கிற சர்க்யூட்டும் அந்தச் சூட்டைத் தாங்காது.

அப்புறம் தேடி வாங்கியது ஓஸ்ராம் கம்பெனியின் ஓவன் பல்பு: 15 வாட், அதே இ14, பழைய குண்டு பல்பு மாதிரி உள்ளே இழைதான், 300 டிகிரி வரை தாங்கும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. வாரம் இரண்டு தடவை பேக்கிங் நடக்கிறது, ஒரு குறையும் இல்லை. 5க்கு 5. சில ஓவன்களில் ஸ்க்ரூவுக்குப் பதில் இரண்டு கம்பி வளையம் வைத்த ஜி9 ஹாலஜன் இருக்கும், அதை வெறும் கையால் தொடாதீர்கள், துணியால் பிடித்துப் போடுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

பிரிட்ஜுக்கு நிலைமையே வேறு. அங்கே எல்.இ.டி. தாராளமாகப் போடலாம். ஆனால் பல்பு வாங்குவதற்கு முன்னால் கதவோரம் இருக்கிற சின்ன பட்டன் சுவிட்சை விரலால் நாலைந்து தடவை அழுத்தி விட்டுப் பாருங்கள், பல நேரம் பல்பு நன்றாகத்தான் இருக்கும், சுவிட்ச்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் பல்பேதான் போயிருந்தது. ஆன்லைனில் முதலில் வந்தது மரையில் நிற்காமல் ஆடியது. கண்ணாடி போட்டுப் பார்த்தால் இ12, 120 வோல்ட், அமெரிக்காவுக்கான சரக்கு! நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், விற்றவர் பக்கத்தில் வோல்டேஜ் பற்றி ஒரு வரிகூட இல்லை. திருப்பி அனுப்பிவிட்டு, பழைய பல்பை ஸ்கேலில் அளந்து, அதைவிட நீளம் போகாத 2 வாட் எல்.இ.டி. ஒன்று வாங்கினேன். நீளம் கூடினால் பிளாஸ்டிக் கவர் மூடாது. கரண்ட் மிச்சம் என்று சொல்லி இதை விற்கிறார்கள், அதை நம்பி வாங்க வேண்டாம்: பழைய 15 வாட் பல்பு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் எரிந்தால்கூட வருஷத்துக்கு ஒரு யூனிட் ஆகாது. எனக்குப் பிடித்தது வேறு, கதவைத் திறந்து வைத்துத் துடைக்கும்போது கவர் சுடவில்லை. பிரகாசமாக இருக்கட்டும் என்று 40 வாட் குண்டு பல்பை மட்டும் அங்கே மாட்டிவிடாதீர்கள், கவர் உருகிவிடலாம்.

தையல் மெஷின் பல்பில்தான் அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். அது பின் டைப், ஆனால் ஹாலில் போடுகிற பி22 இல்லை, அதைவிடச் சின்ன பி15. முப்பது வருஷமாக அந்த 15 வாட் குண்டு பல்பின் சூடு நெற்றியில் அடிக்க அடிக்கத் தைத்தவர். எல்.இ.டி. போட்ட முதல் நாள் ராத்திரி ஒரு கருநீல ஜாக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கறுப்பு நூலையும் கருநீல நூலையும் மாறி மாறி ஊசிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்பதான்டா வித்தியாசம் தெரியுது" என்றார். பழைய பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் நிறம் பிரிந்து தெரியாததால், அவ்வளவு நாளும் பகலில்தான் நூல் எடுத்து வைப்பார். வாங்கும்போது அட்டையில் சி.ஆர்.ஐ. 90 என்று இருக்கிறதா பாருங்கள், நிறம் நிறமாகத் தெரிய அதுவும் முக்கியம், சாதாரணமாகக் கிடைப்பது 80தான்.

மைக்ரோவேவ் பல்பும் போன வாரம் அணைந்துவிட்டது. அதன் பல்பு வெளி மூடியைக் கழற்றினால்தான் கைக்கு எட்டும், உள்ளே இருக்கிற கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை எடுக்கும் அளவுக்குக் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். நான் ஸ்க்ரூடிரைவரையே எடுக்கவில்லை, மெக்கானிக் சனிக்கிழமை வருகிறார்.