ஃப்ரேசல் வெர்ப் வகுப்பு: ஆறு வாரத்தில் ஒரு வாரம்தான் உருப்படி

என் இங்கிலீஷில் பெரிய பிழை இருக்காது, ஆனால் கால் பேசும்போது 'போஸ்ட்போன்', 'டாலரேட்' என்று ஏதோ அரசாணை வாசிக்கிற மாதிரியே வரும், அந்தப் பக்கம் அமெரிக்கக்காரர் 'புட் ஆஃப்', 'புட் அப் வித்' என்று அலட்டாமல் சொல்லிவிட்டுப் போவார். இப்படி ஒரு வினையோடு 'ஆஃப்', 'அப்' மாதிரி சின்னச் சொல் சேர்ந்து வேறு அர்த்தம் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். அதற்காகத்தான் இந்த ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன் (பெயர் வேண்டாம், விடுங்கள்).

முதல் இரண்டு வாரம் தண்டம். 'கெட்' ஒன்றை எடுத்துக்கொண்டு கெட் அப், கெட் ஆன், கெட் ஓவர், கெட் பை என்று ஒரே நாளில் இருபது. மறுநாள் காலையில் எது எதுவென்றே தெரியவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் பிடிஎஃப் மட்டும் வந்து குவிந்தது.

மூன்றாவது வாரம் வேறொரு மேடம் வந்தார். 'தள்ளிப்போடு' என்று தமிழில் எழுதி, "இதில் யார் எதைத் தள்ளுகிறார், எங்கே போடுகிறார்?" என்று கேட்டார். அட! விட்டுக்கொடு, பார்த்துக்கொள் எல்லாம் அப்படித்தானே, இரண்டு வினை சேர்ந்ததும் அர்த்தமே வேறாகிவிடுகிறது, நாம் இரண்டாவது வினையை வைத்துச் செய்வதை அவர்கள் 'ஆஃப்', 'ஆஃப்டர்' வைத்துச் செய்கிறார்கள். 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்' வந்தால் மட்டும் 'டர்ன் இட் ஆஃப்'தான், அழுத்தமும் 'ஆஃப்' மேல்தான். 'லுக் ஆஃப்டர்' மாதிரி சிலது பிரியவே பிரியாது.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் தெரிந்தது. படிப்பை முடித்ததைச் சொல்ல 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2014' என்றால் அமெரிக்கக்காரர் காதில் 2014இல் மயங்கி விழுந்தேன் என்றுதான் விழுமாம். எத்தனை இன்டர்வியூவில் சொல்லியிருக்கிறேன்! 'கோப் அப் வித்'தும் கிடையாது, வெறும் 'கோப் வித்'. அந்த 'அப்' நம் ஊர்க்காரர்கள் சேர்த்தது.

நான்காவது வாரம் பழைய ஆளே திரும்ப வந்துவிட்டார், மறுபடியும் பட்டியல். பேச்சுப் பயிற்சி என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், நாற்பது பேர் இருந்த வகுப்பில் ஆறு வாரத்துக்கும் சேர்த்து என் முறை வந்தது இரண்டே தடவை. ஒப்பந்தம், புகார்க் கடிதம் மாதிரி இடங்களில் 'போஸ்ட்போன்'தான் பொருந்தும் என்பதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

மேடம் தனியாக எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருவேன். இந்த வகுப்புக்கு ஐந்தில் இரண்டு, அதுவும் அவருக்காக.