பசார் மாலாம் போர்டா, கோத்தெடுத்த போர்டா: தோட்டப் பட்டணத்து ரோட்டில் எது ஓடும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் ஸ்கேட்போர்டுக்குக் கிடைக்கும் தரை மூன்று வகை. ஃபுட்சால் திடல், மண்டபத்து வாசல் போன்ற வழவழ சிமெண்டு. தாமான் எனும் குடியிருப்புக்குள் பொடிக்கல் துருத்தி நிற்கும் தார் ரோடு. பிறகு, செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை லாரி போகும் ரோட்டின் ஓரம். அங்கே செம்மண்ணும் லாரியிலிருந்து விழுந்த உதிரிப் பழமும் கிடக்கும். தோட்டத்துக்குள் போகும் செம்மண் பாதையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதில் எந்த போர்டும் ஓடாது.

போர்டு வாங்கவும் இரண்டு வழி. பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், தொங்கும் தயார் போர்டு ஒன்று. டெக் (நிற்கும் பலகை), டிரக் (அதன் அடியில் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பகுதி), சக்கரம், பேரிங் (சக்கரத்தைச் சுழலவைக்கும் வளையம்) என்று தனித்தனியாக வாங்கிக் கோப்பது இன்னொன்று. முதல் தடவை வாங்குபவர்கள் டெக்கின் அடியில் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தை.

கித்தா (ரப்பர்) மரத்தைப் பார்த்தே வளர்ந்த ஊர் என்பதால் சக்கரத்தையும் கித்தா என்றே சொல்லிவிடுகிறோம். நல்ல சக்கரம் பாலியூரிதேன். அதற்கு முன்னால் களிமண் கலவையிலும் இரும்பிலும் சக்கரம் செய்தார்கள். சின்னக் கல் தட்டினாலே போர்டு நின்றுவிடும், ஆள் பறப்பார். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி பாலியூரிதேன் சக்கரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் சாதாரண ரோட்டில் ஓட்டுவது சாத்தியமானது. மலிவு போர்டுகள் பலவற்றில் இருப்பதோ வெறும் கெட்டி பிளாஸ்டிக். கடையிலேயே கண்டுபிடிக்கலாம்: போர்டைச் சிமெண்டுத் தரையில் வைத்து, இரண்டு கையாலும் மேலே அழுத்திப் பக்கவாட்டில் தள்ளுங்கள். பிளாஸ்டிக் என்றால் சர்ரென்று வழுக்கும். பாலியூரிதேன் தரையைப் பிடித்துக்கொள்ளும், நகர மறுக்கும்.

கோத்தெடுப்பவர்களுக்கு அடுத்த கேள்வி, கெட்டிச் சக்கரமா மெத்துச் சக்கரமா என்பது. 52 மி.மீ., 99ஏ என்று போட்டிருந்தால் சின்னது, கெட்டி. 60 மி.மீ., 78ஏ என்றால் பெரியது, மெத்து. ‘ஏ’ என்பது கெட்டித்தன்மையின் அளவு. எண் ஏற ஏறக் கெட்டி. ஃபுட்சால் திடலில் 99ஏவை அடிக்க ஆளில்லை: எடை குறைவு, ஒல்லி (போர்டோடு எம்பிக் குதிக்கும் வித்தை) அடிக்கும்போது போர்டு சட்டென எழும்பும், வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். அதையே தாமான் ரோட்டுக்குக் கொண்டுவந்தால் பாதம் முழுக்க நடுக்கம், பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும். லாரி ரோட்டோரம் இன்னும் மோசம். கட்டைவிரல் பருமனில் ஓர் உதிரிப் பழம் முன்சக்கரத்தில் மாட்டினால் போர்டு அங்கேயே நிற்கும். நசுங்கிய பழத்தின்மேல் ஏறினால் எண்ணெயில் சறுக்கும். மெத்துச் சக்கரம் பொடிக்கல்லை விழுங்கிக்கொண்டு போகும்; முழுப் பழத்தை அதுவும் தாண்டாது, எண்ணெயிலும் சறுக்கத்தான் செய்யும், ஒதுங்கிப் போவதே வழி. அதில் வித்தை பழகுவதும் சிரமம்: கனம், வழுக்காது. வீட்டிலிருந்து திடல் வரைக்கும் போர்டிலேயே போகிறவர்களுக்கு 54 முதல் 56 மி.மீ. வரை, 85ஏ முதல் 90ஏ வரை ஒரு நடுவழி இருக்கிறது. இந்த ஊருக்கு எங்கள் ஓட்டு அதற்கே.

பெரிய சக்கரம் போட்டால் ஒரு தொல்லை கூடவே வரும். வளைவில் சாயும்போது டெக்கின் அடி சக்கரத்தில் உரசி பிரேக் பிடித்ததுபோல நின்றுவிடும். டெக்குக்கும் டிரக்குக்கும் நடுவில் 1/8 அங்குல ரைசர் எனும் உயர்த்தும் தட்டை வைத்தால் பெரும்பாலும் தீரும், 60 மி.மீ. சக்கரத்துக்கு 1/4 அங்குலம்கூடத் தேவைப்படலாம். ரைசர் ஏறிய அளவுக்கு போல்ட்டும் நீள வேண்டும். பழைய 1 அங்குல போல்ட்டையே போட்டால் நட்டு முழுசாகக் கடிக்காது, ஓட்ட ஓட்டக் கழன்றுவிடும்.

டிரக்கில் பேஸ்பிளேட்டை, அதாவது டெக்கோடு போல்ட் போட்டு இணையும் அடித்தட்டை, பாருங்கள். மலிவு போர்டில் அது பிளாஸ்டிக்காக இருந்தால் அந்த போர்டுக்கு இனி ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள், கிங்பின் (டிரக்கின் நடு போல்ட்) இருக்கும் இடத்தில் விரிசல் விடும். தனியாக வாங்கும் டிரக் அலுமினியக் கலவை; ஆக்சில் (சக்கரம் மாட்டும் கம்பி) நீளம் டெக் அகலத்தோடு கிட்டத்தட்டப் பொருந்த வேண்டும், 8 அங்குல டெக்குக்கு 8 அங்குல ஆக்சில். திருப்பத்தைத் தீர்மானிப்பது கிங்பினைச் சுற்றியிருக்கும் இரண்டு புஷிங் வளையங்கள். மலிவு போர்டில் அவையும் கெட்டிப் பிளாஸ்டிக் என்பதால் எவ்வளவு சாய்ந்தாலும் போர்டு நேராகவே போகும். பிள்ளைக்கு ஓட்டத் தெரியவில்லை என்று பெற்றோர் நினைப்பார்கள். பெரியவர்களுக்கு 90ஏ சரி, ஒல்லியான சிறுவர்களுக்கு இன்னும் மெத்தாக. கிங்பின் நட்டை இறுக்கும்போது புஷிங் பிதுங்கினால் அதிகம், அதற்கு முன்பே நிறுத்துங்கள். திரும்பும்போது கிறீச்சிட்டால் டிரக்கின் முனை உட்காரும் பிவட் கப்பில் கொஞ்சம் மெழுகைச் சுரண்டிப் போட்டால் போதும்.

ஸ்பேனர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மோட்டார் பட்டறையில் இருப்பதெல்லாம் மில்லிமீட்டர் அளவு. ஆக்சில் நட்டு 1/2 அங்குலம், 13 மி.மீ. ஸ்பேனர் உட்காரும். டெக் போல்ட் நட்டு 3/8 அங்குலம், 10 மி.மீ.யில் சமாளிக்கலாம். கிங்பின் நட்டோ 9/16 அங்குலம், அதாவது 14.3 மி.மீ. 14 நுழையாது, 15 ஆடும். ஆடுகிற ஸ்பேனரால் திருகினால் மூலை தேய்ந்து நட்டு உருண்டையாகிவிடும். அந்த ஒன்றுக்காகவாவது ஸ்கேட் ஸ்பேனர் வாங்கிவிடுங்கள்.

பேரிங்கில் ஏமாறாதீர்கள். பேரிங்கில் போட்டிருக்கும் ஏபெக் எண் தயாரிப்பின் துல்லியத்தைக் குறிப்பது, வேகத்தை இல்லை. அளவு எல்லாவற்றிலும் 608 தான்: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22, தடிப்பு 7. சக்கரத்துக்கு இரண்டாக மொத்தம் எட்டு. மாலை மழையும் செம்மண் தூசியும் உள்ள ஊரில் இரும்பு மூடி போட்ட இசட்இசட் வகையைவிட ரப்பர் மூடி போட்ட 2ஆர்எஸ் வகை மேல். மூடியை ஊசி முனையால் நெம்பி எடுத்துக் கழுவலாம். மழையில் நனைந்துவிட்டால் அன்றைக்கே கழற்றுங்கள்: ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாக உலர்த்தி, ஒவ்வொன்றிலும் இலகு எண்ணெய் ஒரு சொட்டு அல்லது இரண்டு. துரு நீக்கும் ஸ்பிரேயை மட்டும் அடித்துவிட்டு விட்டால் இருக்கிற கிரீஸும் கரைந்து போய்விடும்.

டெக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு அடுக்கு மேப்பிள், அகலம் 8 அங்குலம். பெரிய பாதத்துக்கு 8.25. பக்கவாட்டில் பார்த்தால் அடுக்குகள் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். மலிவுப் பலகையில் பசை விட்டு, ஈரம் பட்டதும் வால் பக்கம் பிரியத் தொடங்கும். நல்ல டெக்கையும் மழையில் போட்டுவிட்டால் இதே கதிதான்.

ஏற்கெனவே பசார் மாலாம் போர்டு வீட்டில் இருந்து, டிரக் இரும்போ அலுமினியமோ என்றால், அதன் புஷிங்கையும் சக்கரத்தையும் பேரிங்கையும் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். டெக் பிரிந்த பிறகு டெக்கை மாற்றிக்கொள்ளலாம். சக்கரம் மாட்டும்போது அதன் இரு பக்கமும், பேரிங்குக்கு வெளியே, வாஷர் போட்டு, ஆக்சில் நட்டை முழுக்க இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்துங்கள். சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் மயிரிழை ஆட்டம் தெரிய வேண்டும். அதுகூட இல்லையென்றால் பேரிங் நசுங்குகிறது, இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள்.