தூக்க நோட்டு: சேலத்தில் வேலைக்குப் போகும் பெண்களிடம் நீண்ட நாள் புழங்கியதில் தெரிந்தவை

தூக்கத்தை அளக்க வாட்ச், செயலி என்று பல வந்துவிட்டன. தறி வீடுகளிலும் வெள்ளிப் பட்டறைகளிலும் நைட் ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸுகளிடமும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தது 40 பக்க நோட்டும் நூலில் கட்டிய பேனாவும்தான்.

நாளுக்கு ஒரு வரி. படுத்த நேரம், உத்தேசமாகத் தூங்கிய நேரம், இடையில் எத்தனை தடவை எழுந்தது, எதற்காக, காலையில் எழுந்த நேரம், கடைசியாக டீ குடித்த நேரம். பல் துலக்கியதும் எழுதிவிட வேண்டும். ராத்திரி மணி பார்த்துப் பார்த்து எழுதினால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்கார்ந்து நிரப்பிய நோட்டு உதவாது. எல்லா நாளும் 'பத்தரை, அஞ்சு' என்றே இருக்கும்.

உயிர் நாடி 'எதற்காக' என்ற கட்டம்தான். ஆய்வாளர்கள் 1989 முதல் பயன்படுத்தும் பிட்ஸ்பர்க் தூக்கத் தர அட்டவணை என்ற கேள்வித்தாளில் 0 முதல் 21 வரை மதிப்பெண். 5-ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். நல்ல கருவிதான். ஆனால் அதில் இருமல், புழுக்கம், கெட்ட கனவு, வலி எல்லாம் தனித்தனியாக உண்டு. கைக்குழந்தை, படுக்கையாகக் கிடக்கும் மாமனார், விடியுமுன் வரும் குழாய்த் தண்ணீர் மூன்றும் 'மற்ற காரணங்கள்' என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன. நம் ஊர்ப் பெண்களுக்குத் தூக்கம் கலைவது பெரும்பாலும் அந்த வரியில்தான்.

படுத்திருந்த நேரத்தில் எத்தனை சதவீதம் தூங்கினோம் என்ற கணக்கிலும் ஒரு பொறி உண்டு. 10.30-க்குப் படுத்து, 11-க்குத் தூங்கி, நடுவில் 40 நிமிடம் விழித்து, 4.30-க்கு எழுந்தால் படுத்திருந்த 360 நிமிடத்தில் தூக்கம் 290. ஏறக்குறைய 80 சதவீதம். 85-க்கு மேல் நல்லது என்பார்கள். பன்னிரண்டுக்குப் படுத்து நாலரை மணி நேரம் அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறவருக்கு 95 வந்துவிடும்! 'தலை சாய்ச்சதும் தூங்கிருவேன்' என்பது பெருமையில்லை, தூக்கக் கடன், அதாவது நாள்கணக்கில் சேர்ந்துபோன தூக்கக் குறை. சதவீதத்தை விட்டு மொத்த மணி நேரத்தைப் பாருங்கள். ஏழுக்குக் குறையக் கூடாது.

நோட்டு வீட்டில் மற்றவர் கண்ணில் படும். 'மாமியார் எழுப்பினார்' என்று எழுதினால் மறுநாள் சண்டை, அதோடு நோட்டு நின்றுவிடும். தண்ணீருக்கு 1, குழந்தைக்கு 2, பெரியவர்களுக்கு 3, தறிச் சத்தத்துக்கு 4 என்று எண் போட்டால் பிழைத்தது.

4 அதிகம் விழுந்தால் நுரைக் காதடைப்பான் வாங்கலாம். விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து நுழைத்து, 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் வெளியே பிதுங்கி வந்துவிடும். தறியின் கிறீச் சத்தம் அடங்கும், சுவர் வழி வரும் அதிர்வு அடங்காது. கைக்குழந்தை உள்ள வீட்டில், குழந்தையை இன்னொருவர் பார்த்துக்கொள்ளும் ராத்திரி மட்டும் போடுங்கள்.

1 வரிசையாக விழுந்த வீடுகளில் சீக்கிரம் படுக்கச் சொல்லிப் பயனில்லை. பாத்திரம் கழுவி, மாவு எடுத்து வைக்கவே பத்தரை ஆகிவிடும். நோட்டைக் கணவர் கையில் கொடுத்து, தண்ணீர் வரும் நாட்களில் ஒன்று விட்டு ஒன்றில் குடம் பிடிக்கும் வேலையை அவருக்கு மாற்றிய வீடுகளில்தான் அந்த வரிகளில் எழுந்த நேரம் 4.30-லிருந்து 5.45-க்கு நகர்ந்தது.