குழந்தைகளோடு கப்பல் பயணம்: டிப்ஸ் யாருக்கு, எவ்வளவு, எப்போது

பள்ளி விடுமுறை வந்தாலே சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறிவிடுகிற குடும்பம் எங்களுடையது. மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்த பழக்கம், இப்போது சின்னவனும் தொடக்கப்பள்ளிக்குப் போகிறான், இன்னும் விடவில்லை. பினாங்கு, பூக்கெட், போர்ட் கிள்ளான் என்று பெரும்பாலும் அதே வட்டம்தான், ஆனால் பிள்ளைகளுக்குத் துறைமுகம் முக்கியமே இல்லை, நீச்சல்குளமும் ஐஸ்கிரீம் மெஷினும் இருந்தால் போதும். கப்பலில் போகப்போகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பிள்ளைகளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று டிப்ஸ் பிடிக்கிறார்களே, அதை எடுத்துவிடச் சொல்லலாமா?"

என் பதில், எடுக்காதீர்கள். முடிந்தால் அதற்கு மேலும் கொஞ்சம் ரொக்கம் கொண்டு போங்கள். இதைச் சொன்னதும் முகம் மாறுகிறவர்கள் உண்டு, அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ராயல் கரீபியன் கப்பல் கம்பெனியில் சாதாரண கேபின் என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க டாலர், பெரிய சூட் அறைகளுக்கு 21 டாலர். 2023 நவம்பர் வரை சாதாரண கேபினுக்கு 16 டாலராகத்தான் இருந்தது. இது நாம் கையால் எடுத்துக் கொடுப்பது இல்லை, நம் கப்பல் கணக்கில் தினமும் தானாகவே ஏறிவிடும். வயது பார்ப்பதில்லை. பாட்டில் பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கும் அதே 18.50தான். நாலு பேர், நாலு இரவு என்றால் 296 டாலர், சிங்கப்பூர் வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில், 380ஐ ஒட்டி வரும். "குழந்தைகளுக்கு இலவசம்" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் வரும்போது இதைத்தான் மறந்துவிடுகிறோம். இலவசம் என்பது டிக்கெட் விலை மட்டும்தான், துறைமுகக் கட்டணமும் வரியும் டிப்ஸும் அந்த இலவசத்தில் சேராது. ஜன்னல் இல்லாத மலிவான உள் கேபினை எடுத்துக்கொண்டு, மூன்றாவது நாலாவது ஆளுக்குப் பணமே இல்லை என்று சந்தோஷமாக ஏறுகிறவர்களுக்குக் கடைசி நாள் பில்லைப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும்.

எல்லாக் கம்பெனியும் இப்படி இல்லை. நார்வீஜியனில் 3 வயதுக்குக் கீழே இருந்தால் இந்தக் கட்டணம் கிடையாது, கார்னிவலில் 2 வயதுக்குக் கீழே கிடையாது. எம்எஸ்சி, கோஸ்டா போன்ற ஐரோப்பியக் கம்பெனிகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிடக் குறைவாகத்தான் பிடிக்கிறார்கள், ரொம்பச் சின்னக் குழந்தைக்கு ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் பி அண்ட் ஓ 2019லேயே இந்தத் தினசரிக் கட்டணத்தையே தூக்கிவிட்டது. அதனால் டிக்கெட் விலையை மட்டும் ஒப்பிட்டுக் கப்பலைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு தப்பும், பிள்ளைகளின் வயதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள்.

சரி, பால் குடிக்கிற குழந்தைக்கு எதற்கு டிப்ஸ் என்ற கேள்விக்கு வருகிறேன். என் அனுபவத்தில், ஒரு கேபினில் பெரியவர்கள் இரண்டு பேர் போடுகிற குப்பையைவிட ஒரு சின்னப் பிள்ளை போடுகிற குப்பை அதிகம். டயப்பர் நாற்றத்தில் ஆரம்பித்து, கம்பளத்தில் மிதித்து நசுக்கிய பிஸ்கட், கண்ணாடிக் கதவு முழுக்கக் கை ரேகை, குளியலறையில் மணல், ஈரத் துண்டு ஏழெட்டு. மேலே மடித்து வைத்திருக்கும் படுக்கையைத் தினமும் இறக்கி விரித்து, ஏணி மாட்டி, மறுபடி மடிக்க வேண்டும். இதையெல்லாம் செய்கிறவர் எங்கள் கேபினுக்கு மட்டும் ஆள் இல்லை, அந்த வராந்தாவில் வரிசையாகப் பல கேபின்கள் அவர் தலையில்தான்.

ஒருமுறை அலை கொஞ்சம் பலமாக இருந்த இரவில் சின்னவன் கட்டிலிலேயே வாந்தி எடுத்துவிட்டான். மெத்தை, கம்பளம், என் செருப்பு, எல்லாம். போன் செய்த கொஞ்ச நேரத்தில் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள், எங்கள் வழக்கமான கேபின் ஆள் இல்லை, வேறு ஆட்கள். ஏதோ ஒரு தூளைத் தூவி, அது கெட்டியானதும் வழித்து எடுத்து, தனிப் பையில் கட்டி, படுக்கை விரிப்பை எல்லாம் இன்னொரு பையில் போட்டு, மருந்து தெளித்துத் துடைத்துவிட்டுப் போனார்கள். கப்பலில் வாந்தி என்றால் வேகமாகப் பரவும் வயிற்று நோய்க் கிருமியான நோரோவைரஸாக இருக்குமோ என்று பயப்படுவார்கள், அதனால் சும்மா துடைத்துவிட்டுப் போக முடியாது. நடுராத்திரி. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அன்று ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுத்தோம், வாங்கத் தயங்கினார்கள். இந்த மாதிரி ஆட்களைக் கடைசி நாள் தேடினால் கிடைக்க மாட்டார்கள், பெயர்கூடத் தெரியாது, அந்த நிமிஷத்திலேயே கொடுத்துவிட வேண்டும். அதற்காகவே கேபின் மேஜை இழுப்பறையில் ஐந்து, பத்து வெள்ளி நோட்டுகள் சிலவற்றைத் தனியாக வைத்திருப்பேன்.

சாப்பாட்டு மேஜை இன்னொரு கதை. பெரிய டைனிங் ரூமில் தினமும் அதே மேஜை, அதே வெயிட்டர் என்று எடுப்பது பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு உண்மையிலேயே வசதி. முதல் நாள் சின்னவன் என்ன சாப்பிடுவான் என்று கேட்டுக்கொண்ட உதவி வெயிட்டர், இரண்டாம் நாள் நாங்கள் உட்காருவதற்குள் வெறும் சோறு, தயிர், நறுக்கிய வெள்ளரிக்காய் மூன்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டார், மெனுவில் இது எதுவும் கிடையாது. பெரியவர்கள் சூப்பை முடிப்பதற்குள் பையன் வயிறு நிரம்பிவிட்டது, அதனால்தான் நாங்கள் சாப்பிட முடிந்தது. மகளுக்கு இறால் தோலை உரித்து, கோழியை வெட்டிக் கொடுத்ததும் அவர்தான். அப்புறம் மேஜைக்கு அடியில் சிந்திய சோற்றுப் பருக்கை, அதைப் பற்றி நான் என்ன சொல்ல.

இப்போது பல கம்பெனிகள் கேபினைச் சுத்தம் செய்வதைக் காலை, மாலை என்று இரண்டு வேளையிலிருந்து ஒரே வேளையாகக் குறைத்துவிட்டன, டிப்ஸ் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தைக் கேபின் ஆள் தலையில் இறக்க முடியாது, அதை முடிவு செய்தவர் அவர் இல்லை. ஒரே வேளை என்றால் காலையில் செய்யச் சொல்லுங்கள், பிள்ளைகள் குளத்துக்குப் போயிருக்கும் நேரம், திரும்பி வந்தால் மத்தியானத் தூக்கத்துக்கு அறை தயாராக இருக்கும்.

தானாகப் பிடிக்கும் பணம் யாருக்குப் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கேபின் ஆட்கள், டைனிங் ரூம் ஆட்கள், இவர்களோடு நம் கண்ணில் படாத ஹோட்டல் பிரிவு ஆட்களுக்கும் பங்கு உண்டு. டிஸ்னி கப்பல்களில் இன்னும் தெளிவாக, கேபின் ஆள், வெயிட்டர், உதவி வெயிட்டர், தலைமை வெயிட்டர் என்று நாலு பேருக்குப் பிரித்துக் காட்டுகிறார்கள், அங்கே ஒவ்வொரு இரவும் வேறு உணவகத்துக்குப் போனாலும் அதே வெயிட்டர்கள் கூடவே வருவார்கள், பிள்ளைகளுக்குப் பழகிய முகம். ஆனால் நாள் முழுக்க உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற குழந்தைகள் கிளப் ஆட்கள் பொதுவாக இந்தப் பங்கில் வருவதில்லை. நான் முதன்முதலில் கேட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை. ராயல் கரீபியனில் 3 வயது ஆகி, டயப்பர் விட்ட பிள்ளை என்றால் கிளப்பில் சேர்த்துக்கொள்வார்கள், பகலில் பணம் கிடையாது, இரவு பத்து மணிக்கு மேல் மட்டும் மணிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், அது கம்பெனிக் கட்டணம்தான், டிப்ஸ் இல்லை. கிளப் ஆட்களிடம் பணத்தை நீட்டினால் சிலர் வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொள்வார்கள், சில கம்பெனிகளில் வாங்கவே கூடாது. அதனால் முதலில் கேட்டுவிடுவேன். வாங்கலாம் என்றால் கொடுப்பேன், இல்லையென்றால் பெயர் பட்டையைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டு வந்து, பயணம் முடிந்ததும் வருகிற கருத்துப் படிவத்தில் பெயரோடு என்ன செய்தார் என்று எழுதிவிடுவேன். பெயர் போட்டு எழுதினால் மேலதிகாரி எல்லார் முன்னாலும் வாசிப்பார் என்று ஒரு வெயிட்டரே சொல்லியிருக்கிறார்.

நான் கொடுப்பது எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: நாலைந்து இரவுப் பயணம் என்றால் கேபின் ஆளுக்கு முதல் நாளே பத்து வெள்ளி. குழந்தைக்குத் தொட்டில், கூடுதல் துண்டு, பால் வைக்க ஃபிரிட்ஜில் இடம் என்று கேட்க வேண்டியது நிறைய இருக்கும், கேட்கும்போதே கொடுத்துவிட்டால் எனக்குக் கூச்சம் இருக்காது. கடைசி இரவு இன்னொரு இருபது. உதவி வெயிட்டருக்கு இருபது, வெயிட்டருக்கும் கிட்டத்தட்ட அதே. இது சட்டம் இல்லை, தானாகப் பிடித்த பணமே போதும் என்று இருப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சில்லறைக் காசு மட்டும் கொடுக்காதீர்கள், அதை அவர்கள் ஊரில் யார் மாற்றித் தருவார்?

பார் பில்லையும் கவனியுங்கள். பல கப்பல்களில் பானங்களுக்கு 18 சதவீதம் டிப்ஸ் ஏற்கெனவே சேர்த்துத்தான் பில் வரும், அப்படியும் கீழே "கூடுதல் டிப்ஸ்" என்று ஒரு காலிக் கோடு இருக்கும். பிள்ளைகளின் கப்பல் கணக்குக் கார்டிலும் வாங்க முடியும் என்று வைத்திருந்தால் மது கலக்காத மாம்பழ மாக்டெயிலுக்கு அவர்களே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். என் மகள் அந்தக் காலிக் கோட்டைப் பார்த்து, வயதைத்தான் கேட்கிறார்கள் போல என்று 8 என எழுதிவிட்டாள். பாரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே அந்த எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பில்லை என்னிடம் காட்டினார். நல்ல மனிதர். அதற்கப்புறம் வரவேற்பு மேஜைக்குப் போய்ப் பிள்ளைகள் கார்டில் எதுவும் வாங்க முடியாதபடி பூட்டச் சொல்லிவிட்டோம், ஏறிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

டிப்ஸை எடுக்கச் சொல்வதும் அதே மேஜையில்தான். கேட்டால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள், காரணம் மட்டும் கேட்பார்கள். ஒரு பயணத்தில் எங்களுக்கு வாய்த்த கேபின் ஆள் சரியில்லை, இரண்டு நாளாகக் குப்பைக் கூடை அப்படியே இருந்தது, டயப்பரோடு. வீட்டுக்காரர் போய் எடுக்கச் சொல்கிறேன் என்று கிளம்பினார், நான் முதலில் புகார் சொல்லுவோம் என்றேன். அரை மணியில் சூப்பர்வைசர் வந்தார், மறுநாளிலிருந்து சரியானது. எடுத்திருந்தால் இறால் உரித்துக் கொடுத்தவர் பங்கும் சேர்ந்துதான் போயிருக்கும்.

என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு ஒருமுறை ஏறினார். "சம்பளம் கொடுக்க வேண்டியது கப்பல்காரன், நாம ஏன் தினமும் அழணும்?" என்று இரண்டு நாள் புலம்பல். ஹாக்கர் சென்டர் என்கிற சிங்கப்பூர் உணவுக்கடை வளாகத்தில் டிப்ஸே கிடையாது, உணவகத்தில் 10 சதவீதம் சேவைக் கட்டணத்தோடு கதை முடிந்தது என்று வாழ்கிற எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மூன்றாம் நாள் காலை பஃபேயில் தட்டு எடுக்க வந்த பையன் நாகப்பட்டினம் என்று தெரிந்தது. இரவு டைனிங் ரூமிலும் அவனே நின்றான். கப்பல் தொழிலாளர்களுக்கான சர்வதேச விதியில் 24 மணி நேரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, அதையும் இரண்டாகப் பிரிக்கலாம் என்று இருக்கிறது, அதனால்தான் காலையில் பார்த்த முகத்தையே இரவிலும் பார்க்கிறோம். ஒப்பந்தம் முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்றான். அத்தை என்னிடம் கேட்காமலே முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்து அவன் கையில் அழுத்திவிட்டார். நாங்கள் யாருக்கும் ஒரே நேரத்தில் அவ்வளவு கொடுத்ததே இல்லை!

கடைசியாக, முன்கூட்டியே கட்டலாமா கப்பலில் கட்டலாமா என்பது. நான் டிக்கெட்டோடு கட்டிவிடுவேன். ரேட் ஏற்றும்போது கம்பெனிகள் வழக்கமாகத் தேதி சொல்லித்தான் ஏற்றும், அந்தத் தேதிக்கு முன்னால் கட்டியவர்களுக்குப் பழைய ரேட்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். அதோடு, கப்பலில் ஏறியதும் பில்லில் போட்டோ, வைஃபை, மாக்டெயில் மூன்றுடன் மட்டும் சண்டை போட்டால் போதும். அந்தப் போட்டோ விலையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.