உப்பளக் காற்றில் 22 ஆண்டுகள்: பீங்கான் இன்சுலேட்டர்களோடு என் அனுபவம்

தூத்துக்குடிக் கடற்கரைக்கு அருகில், மூன்று பக்கமும் உப்பளங்கள் சூழ்ந்த ஓர் ஆலையின் 110 கிலோவோல்ட் துணைமின்நிலையத்தையும் அதிலிருந்து பிரியும் 11 கிலோவோல்ட் லைன்களையும் 22 ஆண்டுகள் பராமரித்தேன். அந்த ஆண்டுகளில், மின்கம்பியைத் தாங்கிக்கொண்டே மின்சாரம் கம்பத்துக்குப் பாயாமல் தடுக்கும் பீங்கான் இன்சுலேட்டர்களை விலைக்கு வாங்கவும், தொழிற்சாலைக்கே சென்று சோதித்துப் பார்க்கவும், கழுவவும், உடைந்தவற்றைக் கழற்றவும் வாய்த்தது. முறையாகச் சுட்ட பீங்கான் தானாகக் கெட்டு நான் பார்த்ததில்லை. அதன்மேல் படிந்த உப்பும் அதற்குள் புதைந்த இரும்பும்தான் ஒவ்வொரு முறையும் எங்களைத் தொல்லைப்படுத்தின.

நான் பொறுப்பேற்றபோது, லைன் வந்து இறங்கும் இடத்தில் மின்சாரம் வரும் மூன்று கம்பிகளில் (ஃபேஸ்) ஒவ்வொன்றுக்கும் 9 டிஸ்க்குகள் கொண்ட சரம் இருந்தது. டிஸ்க் என்பது மேலே இரும்புத் தொப்பியும் கீழே இரும்புப் பின்னும் சிமென்ட்டால் பொருத்தப்பட்ட பீங்கான் தட்டு. ஒவ்வொரு டிஸ்க்கும் 255 மி.மீ. விட்டமும் 146 மி.மீ. இடைவெளியும் கொண்ட, 70 கிலோநியூட்டன் இழுவிசை தாங்கும் சாதாரண வகை. கசிவு மின்சாரம் மேற்பரப்பில் ஊர்ந்து கடக்க வேண்டிய தூரத்தை க்ரீபேஜ் என்போம். அது ஒரு டிஸ்க்குக்கு 295 மி.மீ., ஒன்பதுக்கும் சேர்த்து 2,655 மி.மீ. அதை இந்த அமைப்பின் உச்ச மின்னழுத்தமான 123 கிலோவோல்ட்டால் வகுத்தால் கிலோவோல்ட்டுக்கு 21.6 மி.மீ. வருகிறது. உள்நாட்டுச் சமவெளிக்கு இது தாராளம். ஆனால் கடலோரம் போன்ற மிகக் கடுமையான மாசுள்ள இடங்களுக்கு 31 மி.மீ. வேண்டும் என்பது நெடுங்காலமாக வழக்கில் உள்ள அளவு.

எங்கள் பகுதியில் தை முதல் புரட்டாசி வரை பெரிய மழை கிடையாது. ஆனி, ஆடிக் காற்று உப்பையும் செம்மண் தூசியையும் அள்ளிவந்து டிஸ்க்கின் அடிப்புறப் பள்ளங்களில் அப்பிவிடும். காய்ந்திருக்கும்வரை அந்தப் படிவு தீங்கு செய்யாது. ஈரம் பட்டவுடன் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். பலத்த மழை டிஸ்க்கைக் கழுவிவிடுகிறது. ஐப்பசியின் முதல் தூறலும் மார்கழிப் பனியும் நனைக்கின்றனவே தவிரக் கழுவுவதில்லை. எங்களிடம் இருந்த மூத்த லைன்மேன் ஒருவர், "கொட்டுற மழைக்குப் பயமில்ல சார், தூறலுக்குத்தான் பயம்" என்று அடிக்கடி சொல்வார். தூறல் விழும் இரவுகளில் கீழே நின்று பார்த்தால், ஈரம் உலர்ந்த பட்டைகளின் குறுக்கே ஊதா நிறப் பொறிகள் ஓடுவது தெரியும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து முழுச் சரத்தையும் தாண்டினால் ஃபிளாஷ் ஓவர், ஆலை முழுவதும் இருட்டு.

இதற்காகப் புரட்டாசியில் ஒருநாள் மின்சாரத்தை நிறுத்தி, ஈரத்துணியால் ஒவ்வொரு டிஸ்க்கின் அடிப்பள்ளத்தையும் துடைப்பதை வழக்கமாக்கினோம். சிலிகான் கிரீஸும் பூசிப் பார்த்தோம். பலன் இருந்தது, ஆனால் தூசியை விழுங்கிக் கறுத்த பழைய கிரீஸை வழித்தெடுப்பது, புதிதாகப் பூசுவதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. உண்மையான தீர்வு, அடிப்புற வரிகள் ஆழமான ஃபாக் டைப் டிஸ்க்குகளுக்கு மாறியபோதுதான் கிடைத்தது. 280 மி.மீ. விட்டமும் 440 மி.மீ. க்ரீபேஜும் கொண்ட அவற்றின் இடைவெளி அதே 146 மி.மீ. என்பதால் சரத்தின் நீளம் மாறவில்லை. ஆனால் மொத்தத் தூரம் 3,960 மி.மீ., அதாவது கிலோவோல்ட்டுக்கு 32 மி.மீ. ஆயிற்று. அதன்பின் நான் அங்கிருந்தவரை அந்தச் சரங்களில் ஃபிளாஷ் ஓவர் நிகழவில்லை.

அந்த டிஸ்க்குகளைச் சோதித்து ஏற்பதற்காகத் தொழிற்சாலையில் கழித்த மூன்று நாட்கள், இந்தப் பொருளைப் பற்றிய என் எண்ணத்தையே மாற்றின. பாதியளவு களிமண், கால்பங்கு ஃபெல்ட்ஸ்பார், கால்பங்கு குவார்ட்ஸ் என்பது மரபான கலவை. அதைத் தண்ணீரோடு பால் மில்லில் (உருளும் குண்டுகளால் அரைக்கும் இயந்திரம்) அரைத்து, வடிகட்டி அழுத்திப் பாளங்களாக்கி, வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சிப் பிசைந்து, பிளாஸ்டர் அச்சில் அழுத்தி வடிவம் கொடுக்கிறார்கள். உலர்ந்து சுடப்படுவதற்குள் அது பத்து சதவீதத்துக்கும் மேல் சுருங்கிவிடுகிறது. சூளையில் சுமார் 1,250 டிகிரியைத் தாண்டும்போது ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி நுண்துளைகளை நிரப்ப, களிமண் முல்லைட் என்னும் ஊசிப் படிகங்களாக மாறுகிறது. சூடு குறைந்தால் துளைகள் மூடாது, மிஞ்சினால் உள்ளே குமிழ்கள் எழும். சுட்டபின் எதையும் திருத்த முடியாது. உடைத்த துண்டுகளை ஃபுக்சின் சாயக் கரைசலில் உயர் அழுத்தத்தில் பல மணி நேரம் வைத்து, மீண்டும் உடைத்துப் பார்க்கும் சோதனையில் வெள்ளைப் பரப்பில் இளஞ்சிவப்புக் கறை துளியும் இருக்கக் கூடாது. பழுப்பு மெருகும் வெறும் அழகுக்காக இல்லை. ஆறும்போது அது உடலைவிடக் குறைவாகச் சுருங்குவதால் மேற்பரப்பு அமுக்கத்தில் இருக்கிறது. அதனால் பீங்கானின் வலிமை கூடுகிறது.

இனி, என்னை மிகவும் அச்சுறுத்திய சம்பவம். டிஸ்க்குகளை மாற்றுவதற்கு முந்தைய ஆண்டு, ஒரு ஃபிளாஷ் ஓவரின்போது பழைய சரத்தின் லைன் பக்க டிஸ்க்கின் இரும்புத் தொப்பி வெடித்துப் பிரிந்து, கம்பி யார்டுக்குள் விழுந்தது. அந்த நேரத்தில் அங்கே ஆள் இல்லாதது எங்கள் நல்லூழ். கழற்றிப் பார்த்தபோது பீங்கானின் மெருகு புதிதுபோல் மின்னியது. ஆனால் சிமென்ட்டுக்குள் நுழையும் இடத்தில் இரும்புப் பின் துருப்பிடித்து இளைத்திருந்தது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால், தொப்பிக்குள் மறைந்திருக்கும் பீங்கான் தலையை உள்ளிருந்தே பிளந்துவிட்டது. ஃபிளாஷ் ஓவரில் எழுந்த பெரும் மின்சாரம் அந்த வெடிப்பின் வழியாகவே பாய, உள்ளிருந்த ஈரம் ஒரு கணத்தில் ஆவியாகித் தொப்பியை எறிந்திருக்கிறது. பிறகு எல்லா டிஸ்க்குகளையும் மின்தடையை அளக்கும் 5 கிலோவோல்ட் மெகரால் அளந்தோம். நல்லவை ஆயிரக்கணக்கான மெகா ஓம் காட்ட, சில டிஸ்க்குகள் சில பத்துகளோடு நின்றன. அவை பெரும்பாலும் மின்னழுத்தத்தின் பெரும்பங்கைச் சுமக்கும் லைன் பக்கத்தைச் சேர்ந்தவை. கண்ணாடி டிஸ்க் பழுதானால் சிதறி விழுந்து தன் குறையைத் தானே காட்டிவிடுகிறது. பீங்கானோ மறைத்து வைத்துக்கொள்கிறது. இதுவே பீங்கானின் மிகப் பெரிய குறை என்று கருதுகிறேன்.

11 கிலோவோல்ட் லைன்களில் சில இடங்களில் சிலிகான் ரப்பர் இன்சுலேட்டர்களையும் போட்டோம். எடை மிகக் குறைவு, கல் பட்டால் உடைவதில்லை, ஈரம் படலமாகப் பரவாமல் முத்துமுத்தாக நிற்கிறது. ஆனால் ஏழெட்டு ஆண்டு வெயிலில் சிலவற்றின் மேற்பரப்பு சுண்ணாம்புபோல் வெளுத்து, அந்தக் குணமும் குறைந்தது. உப்பளத்தின் நடுவே ஓடும் லைனுக்கு ரப்பரையும், துணைமின்நிலையத்தில் பாரம் சுமந்து நிற்கும் போஸ்ட் இன்சுலேட்டருக்குப் பீங்கானையும் நான் தேர்ந்தெடுப்பேன்.

கடலோரத்துக்குப் பீங்கான் டிஸ்க் வாங்குபவர்கள், விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் பின்னில் துத்தநாக வளையம் உண்டா என்று கேளுங்கள். துரு முதலில் அந்தத் துத்தநாகத்தைத் தின்று தீர்க்கும்வரை இரும்பு பிழைத்திருக்கும். எங்கள் பழைய டிஸ்க்குகளில் அந்த வளையம் இல்லை.